துறவியின் சூப்பும் எரிமலை மண்ணும்

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவிலிருந்து ரயிலில் தெற்கே சுமார் ஒரு மணி நேரம் போனால் காமகுரா என்ற கடற்கரை ஊர் வரும். மூன்று பக்கம் குன்றுகள், ஒரு பக்கம் கடல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களின் அரசு இந்தச் சிறிய ஊரில்தான் இருந்தது. அங்கே ஒரு குன்றின் அடியில் கென்ச்சோ-ஜி என்னும் புத்த மடாலயம் நிற்கிறது. 'ஜி' என்றால் கோயில். 'கென்ச்சோ' என்பது அப்போது வழக்கிலிருந்த ஆண்டுத் தொகுதியின் பெயர். 1253-இல் ஹோஜோ தொக்கியோரி என்ற ஆட்சியாளர் இதைக் கட்டுவித்தார். சீனாவிலிருந்து 1246-இல் ஜப்பானுக்கு வந்த ரான்கெய் தோரியூ என்ற துறவி இதன் முதல் தலைவரானார். அவர் போதித்தது ஜென் நெறி. 'ஜென்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நமக்குத் தெரிந்த 'தியானம்' என்ற சொல்தான் சீன மொழியில் 'சான்' என்றாகி, ஜப்பானுக்குப் போய் 'ஜென்' ஆயிற்று.

இந்த மடாலயத்தைப் பற்றி ஒரு சமையலறைக் கதை உண்டு. ஒரு நாள் இளந்துறவி ஒருவர் தோஃபுக் கட்டி ஒன்றைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டார். தோஃபு என்பது சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்து எடுத்த பாலைத் திரித்துச் செய்யும் கட்டி. நாம் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பனீர் எடுக்கிறோம் அல்லவா, அதைப் போல. கடல் நீரிலிருந்து உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதுதான் அங்கே எலுமிச்சையின் வேலையைச் செய்கிறது. விழுந்த தோஃபு சிதறிவிட்டது. இளந்துறவி நடுங்கிக்கொண்டு நின்றார். ரான்கெய் கோபித்துக்கொள்ளவில்லை. சிதறிய துண்டுகளைப் பொறுக்கி, கழுவி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காய்கறிச் சாற்றில் போட்டுவிட்டாராம். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 'கென்ச்சோ-ஜியின் சாறு' என்பதே நாளடைவில் 'கென்ச்சின்-ஜிரு' ஆயிற்று என்பார்கள். 'ஜிரு' என்றால் சாறு, சூப்.

இன்றும் ஜப்பானில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு கொதிக்கும் சூப் இது. முள்ளங்கி, காரட், கோபோ என்ற நீண்ட வேர், சேம்பு இனத்துக் கிழங்கு, கொன்யாக்கு என்ற கிழங்குக் கூழ்க் கட்டி, ஷீட்டாக்கே காளான் ஆகியவற்றை நறுக்கி, முதலில் எள் எண்ணெயில் வதக்குவார்கள். பிறகு தண்ணீர் விட்டு வேகவைத்து, தோஃபுவைக் கையால் பிய்த்துப் போட்டு, சோயா சாறு சேர்த்து இறக்குவார்கள். மீன், இறைச்சி கிடையாது. மடாலய முறைப்படி செய்தால் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் அழகாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம், வாருங்கள்.

முதல் சாட்சி காரட். இது ஜப்பானுக்கு வந்து சேர்ந்ததே ஏறத்தாழ 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆகவே 1253-இல் அந்தச் சட்டியில் காரட் இருந்திருக்க முடியாது. இரண்டாவது சாட்சி சோயா சாறு. இன்று நாம் காணும் கருஞ்சிவப்புச் சோயா சாற்றை நோடா, சோஷி போன்ற ஊர்களில் பெருமளவில் காய்ச்சத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். எனவே இன்றைய சூப் அப்படியே ரான்கெயின் சூப் அல்ல. இது மட்டும் உறுதி.

மூன்றாவது சாட்சி இன்னும் சுவையானது. சீனச் சமையலில் காய்கறிகளை மெல்லிய இழைகளாக நறுக்கி, வதக்கி, சோயாப் பாலாடையில் சுருட்டிச் செய்யும் பண்டம் ஒன்று உண்டு. சுருள் என்பதற்கு ஓர் எழுத்து, இழை என்பதற்கு ஓர் எழுத்து. இரண்டையும் சேர்த்து ஜப்பானியர் 'கென்ச்சின்' என்று படித்தார்கள். சூப்பே இல்லாத வேறு சில ஜப்பானிய உணவுகளுக்கும் இந்தப் பெயர் இருக்கிறது. 'கென்ச்சின்-முஷி' என்பது தோஃபுவும் காய்கறியும் வதக்கிய பூரணத்தை மீனுக்குள் வைத்து ஆவியில் வேகவைப்பது. மடாலயத்தில் மீன் ஏது? ஆகவே பெயர் கோயிலிலிருந்து வரவில்லை, இந்தப் பூரணத்திலிருந்துதான் வந்தது என்று வாதாடுபவர்கள் உண்டு. வாதம் வலுவானதுதான். ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. ஜப்பானின் மேற்கே யாமகுச்சி என்ற மாவட்டத்தில் தோஃபுவையும் முள்ளங்கியையும் வதக்கி வேகவைக்கும் வீட்டுச் சமையல் ஒன்றுக்கு இன்றும் 'கென்ச்சோ' என்றுதான் பெயர்!

என் கருத்தைக் கேட்டால், பெயர் வழக்கை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். இரு கட்சிக்காரர்களும் அறியாமலே ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. ரான்கெய் சீனர். சுருள் பண்டமும் சீனாவுடையது. அந்தக் கால ஜப்பானியச் சமையலில் எண்ணெய்க்கு மிகக் குறைந்த இடமே இருந்தது. வேகவைப்பார்கள், சுடுவார்கள், பச்சையாகத் தின்பார்கள். காய்கறியை எண்ணெயில் வதக்கிவிட்டுச் சாறு வைப்பது வெளியிலிருந்து வந்த கைப்பழக்கம். சட்டியில் விரல் ரேகை தேடினால் அது எள் எண்ணெயில்தான் பதிந்திருக்கிறது.

ஆனால் கை வெளியிலிருந்து வந்தாலும் வேர் உள்ளூரைச் சேர்ந்தது. இந்த சூப் காமகுராவைச் சுற்றியுள்ள கான்டோ வட்டாரத்தில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு அங்குள்ள மண்ணும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மண்ணைப் பாருங்கள்

கான்டோ சமவெளி ஜப்பானிலேயே பெரியது. பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர். அதன் மேற்கிலும் வடக்கிலும் ஃபூஜி, ஹகோனே, அசாமா, ஹருனா, அகாகி என்று எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை கக்கிய சாம்பலை மேற்குக் காற்று கிழக்கே அள்ளிக்கொண்டு வந்து சமவெளியில் தூவியிருக்கிறது. ஃபூஜி கடைசியாக வெடித்தது 1707-இல். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த எதோ நகரத்தின் மேல், அதாவது இன்றைய டோக்கியோவின் மேல், அப்போது சாம்பல் விழுந்தது. மேட்டு நிலங்களில் இந்தச் சாம்பல் மண் பல மீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது. மேலே இலைமக்கு கலந்து கறுத்திருக்கும். கீழே செம்பழுப்பாக இருக்கும்.

இந்த மண்ணின் அடர்த்தி என்ன தெரியுமா? சாதாரண வயல் மண் ஒரு கன சென்டிமீட்டர் காய்ந்த நிலையில் 1.2 முதல் 1.5 கிராம் வரை இருக்கும். எரிமலைச் சாம்பல் மண்ணோ 0.9 கிராமுக்கும் குறைவு. தண்ணீரைவிட லேசு! துகள்களுக்கு நடுவே அவ்வளவு காற்றிடைவெளி இருக்கிறது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்கிவிடும், தேங்கி நிற்காது. நெல்லுக்கு இது ஆகாது. போதாக்குறைக்கு, இந்த மண்ணிலுள்ள அலோஃபேன் என்ற களிமண் பொருள் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்க மறுக்கும். அதனால் உரம் மலியாத காலத்தில் கான்டோவின் மேட்டு நிலங்களை உழவர்கள் ஏழை நிலம் என்றுதான் கருதினார்கள்.

ஆனால் ஒரு வேரின் கண்ணோட்டத்தில் யோசித்துப் பாருங்கள். கல் இல்லை, இறுக்கம் இல்லை, தேங்கும் நீர் இல்லை. ஒரு வேர் நேராகக் கீழே இறங்க இதைவிட வேறென்ன வேண்டும்? டோக்கியோவின் தக்கினோகாவா பகுதியின் பெயரைத் தாங்கிய கோபோ வகை ஒன்று உண்டு. அதன் வேர் விரல் பருமன்தான். ஆனால் நீளம் ஒரு மீட்டர் வரை போகும். கெட்டி மண்ணில் இதை விதைத்தால் கோணி வளைந்து கிளைத்துவிடும். முள்ளங்கியும் அப்படியே. ஜப்பானின் தெற்கே சகுராஜிமா என்ற எரிமலை இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. உலகிலேயே மிகப் பருமனான முள்ளங்கி வகை அதன் அடிவாரத்துச் சாம்பல் மண்ணில்தான் விளைகிறது.

கோபோ சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதன் விதைக் கூட்டில் நுனி வளைந்த முட்கள் இருக்கும். 1941-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்ற பொறியாளர் தம் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட இந்த விதைக் கூட்டை நுண்ணோக்கியில் பார்த்ததன் விளைவுதான், பைகளிலும் செருப்புகளிலும் 'கரக்' என்று பிரியும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. ஜப்பானியர் மேலே உள்ள முள்ளை விட்டுவிட்டுக் கீழே உள்ள வேரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது சேம்பு இனத்துக் கிழங்கு. ஜப்பானியில் இதற்குச் 'சதோயிமோ' என்று பெயர். உங்கள் வீட்டில் வறுவல் செய்யும் சேப்பங்கிழங்கேதான். ஒரே இனம், வகை மட்டும் வேறு. தோலைச் சீவினால் கை அரிக்கிறது அல்லவா? கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்களாக அதற்குள் இருப்பதால்தான். நன்கு வெந்தால் அரிப்பு போய்விடும். அதன் வழவழப்புச் சூப்பின் பாகுநிலையைச் சற்றுக் கூட்டும்.

கொன்யாக்கும் நமக்கு உறவுதான். அது நம் சேனைக்கிழங்கின் பங்காளி. இரண்டும் அமார்போஃபாலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் சேனையைப் போல இதை வெட்டி வேகவைத்துத் தின்ன முடியாது. மாவாக்கித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்புத் தெளிநீர் சேர்க்கிறார்கள். குளூக்கோமன்னன் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு இதில் இருக்கிறது. அச்சங்கிலியின் பக்கவாட்டில் தொங்கும் அசிட்டைல் தொகுதிகளைக் காரம் கழற்றிவிடுகிறது. கழன்றதும் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலை பின்னுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலான தண்ணீர் அந்த வலையில் அகப்பட்டுக்கொள்கிறது. கடற்பாசிக் கூழைக் கொதிக்கவைத்தால் உருகிவிடும். கொன்யாக்கு உருகாது. எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கட்டி கட்டியாகவே நிற்கும்.

இந்தக் கிழங்கு முதிர சுமார் மூன்றாண்டு ஆகும். பனி உறைவதற்கு முன் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தோண்டி எடுத்துப் பத்திரப்படுத்தி, வசந்தத்தில் மறுபடி நடவேண்டும். பச்சைக் கிழங்கு கனமானது, அழுகவும் கூடியது. 18ஆம் நூற்றாண்டில் கான்டோவின் வடகிழக்கே, இன்றைய இபராக்கி மாவட்டத்தில், நகாஜிமா தோஎமோன் என்ற உழவர் கிழங்கைச் சீவிக் காயவைத்து மாவாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் கொன்யாக்கு தொலைதூரம் பயணம் செய்யத் தொடங்கியது. இன்று ஜப்பானின் கொன்யாக்குக் கிழங்கில் பெரும்பகுதி குன்மா மாவட்டத்தில் விளைகிறது. அதுவும் கான்டோதான்.

எலும்பு இல்லாமல் சுவை

மாமிசம் இல்லை, பூண்டு இல்லை. பிறகு சூப்புக்குச் சுவை எங்கிருந்து வரும்? வடகடலில் விளையும் கொம்பு என்ற கடற்பாசியும் காய்ந்த ஷீட்டாக்கே காளானும் ஊறிய நீர்தான் மடாலயச் சமையலின் அடிச்சாறு. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே, 1908-இல் கொம்புச் சாற்றிலிருந்து குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் சேராத இந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1957-இல் குனினாக்கா அக்கிரா என்ற ஆராய்ச்சியாளர் குவானிலேட் என்ற பொருளும் அதே சுவையைத் தருவதைக் காட்டினார். காய்ந்த ஷீட்டாக்கேயில் இருப்பது அதுதான். இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்காக ஏறுவதில்லை, பல மடங்காக ஏறுகிறது. துறவிகள் ரசாயனம் படித்திருக்கவில்லை. நாக்கை நம்பி இந்த ஜோடியைச் சேர்த்தார்கள். இந்தச் சுவையை உணரும் ஏற்பி ஒன்று நாக்கில் இருப்பதை 2002-இல் விஞ்ஞானிகள் இனங்கண்டார்கள்.

சட்டிக்குள் பௌதிகம்

இனி என் துறைக்கு வருகிறேன். கொன்யாக்கைக் கத்தியால் வெட்டாமல் கையாலோ கரண்டியாலோ பிய்த்துப் போடுகிறார்கள். தோஃபுவையும் அப்படியே. ஏன்? 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 24 சதுர சென்டிமீட்டர். அதையே எட்டுச் சிறு கனசதுரங்களாக்கினால் மொத்த மேற்பரப்பு 48. பிய்த்த முகம் கரடுமுரடாக இருப்பதால் பரப்பு இன்னும் கூடும். சாறு ஒட்டிக்கொள்ள இடம் அதிகம். கதையில் வரும் இளந்துறவி தரையின் உதவியால் செய்தது இதைத்தான்.

உப்பும் சுவையும் துண்டுக்குள் போவது விரவலால். விரவலுக்கு ஒரு விதி உண்டு: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆகவே கெட்டியான கோபோவைப் பென்சில் சீவுவது போலச் சுழற்றிச் சுழற்றி மெல்லிய சீவல்களாக்குகிறார்கள். முள்ளங்கியும் காரட்டும் கால்வட்டத் துண்டுகளாகின்றன. எளிதில் வேகும் சேப்பங்கிழங்குக்குப் பெரிய துண்டு போதும். எல்லாம் ஒரே நேரத்தில் பதமாக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

எண்ணெயில் வதக்குவது எதற்கு? தண்ணீரில் கிடக்கும் காய் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்ட முடியாது. எண்ணெயில் பட்ட மேற்புறம் அதைத் தாண்டும். வாசனைப் பொருள்கள் பிறக்கும். அவற்றில் பல நீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. காரட்டின் கரோட்டினும் அப்படித்தான். சூப்பின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளை உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் சாயல் தெரியும்.

இன்னொரு பயன் கண்ணுக்குத் தெரியாதது. எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92. அதனால் அது மேலே படலமாகப் பரவுகிறது. சூடான சூப் ஆறுவதற்கு முக்கியக் காரணம் ஆவியாதல். அந்த வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 550 கலோரி உள்ளுறை வெப்பம் தேவை. கிண்ணத்தில் 250 கிராம் சூப் இருந்தால், ஒரே ஒரு கிராம் ஆவியானதும் மீதியின் வெப்பநிலை இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்! எண்ணெய்ப் படலம் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அவ்வளவுக்கு ஆவி தப்ப வழி குறைகிறது. கிண்ணமும் அரக்குப் பூசிய மரக் கிண்ணம். மரத்தின் வெப்பக் கடத்துதிறன் எவர்சில்வரினதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். கணப்பு இல்லாத மடாலயத்தில், உறைநிலையை நெருங்கும் காமகுரா இரவில், இது சிறிய ஆறுதல் அல்ல.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவான இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் 150 மில்லி வீதம் சுடுநீர் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும், நீர்ப்பரப்பை முழுவதும் மூடும் அளவுக்கு நல்லெண்ணெய் விடுங்கள். பள்ளிச் சோதனைச்சாலை வெப்பமானியால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டையும் அளந்து, வரைபடத் தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள்.

இந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு மறுபடி இபராக்கிக்குப் போவோம். அம்மாவட்டத்தின் வடபகுதி மலைப்பாங்கானது. நெல்லைவிட பக்வீட் என்ற கருங்கோதுமை நன்றாக வரும். அதன் மாவில் செய்யும் சோபா என்ற பழுப்பு நிறச் சேமியாவை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, தனித் தட்டில் வைக்கிறார்கள். பக்கத்தில் கென்ச்சின் சூப் கொதிக்கக் கொதிக்க வரும். சில வீடுகளில் அதில் சேம்பின் காய்ந்த தண்டும் சேர்ந்திருக்கும். சோயா சாற்றுக்குப் பதில் மிசோ என்ற புளித்த சோயா விழுது கரைத்திருப்பார்கள். குளிர்ந்த சேமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சூப்பில் முக்கி உண்பது அந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு முக்கலிலும் சேமியா சூப்பின் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மேலே எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால், ஆவியும் தன் பங்குக்குச் சேர்ந்து அந்தக் கிண்ணம் எவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்கும்? உங்கள் வரைபடத்தின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துச் சொல்லுங்கள்.